வலிக்காத நெஞ்சு

அக்கா ஈரத் துணி மூட்டையைப் பாதிப் படியில் போட்டுவிட்டு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். கீழே நின்ற தங்கைக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"மூட்டையப் பாத்தாத்தான் உனக்கு வலி வருது. சாப்பாட்டுத் தட்டப் பாத்தா ஏன் வர்றதில்ல?"

தங்கை அந்தப் பக்கம் திரும்பியதும் அக்கா ஒரு மாத்திரையை எடுத்து நாக்குக்கு அடியில் வைத்துக்கொண்டாள்.

இருவரும் சேர்ந்து நடத்தும் சலவைக்கடை அது. விடுதிகளிலிருந்து வரும் படுக்கை விரிப்புகளைக் கீழே இயந்திரத்தில் துவைத்து, மொட்டை மாடியில் காயப்போட வேண்டும். அக்காவுக்கு நெஞ்சுவலி வந்ததிலிருந்து சுமக்கும் வேலை பெரும்பாலும் தங்கையின் தலையில் விழுந்தது. துணி வாங்க வருகிறவர்கள் அக்காவிடம் உடம்பு எப்படி என்று விசாரித்தார்கள். தங்கையிடம் துணி எப்போது கிடைக்கும் என்று கேட்டார்கள். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்று சும்மாவா சொன்னார்கள்? "எங்கக்கா நல்லா நடிப்பா," என்று தங்கையும் வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அக்காவை இதய மருத்துவரிடம் கூட்டிப்போனபோதும் அதே கோபம்தான்.

"இவளுக்கு நெசமாவே ஏதாவது இருக்கா டாக்டர், இல்ல எல்லாம் மனசுலயா?"

"நெசமாவே இருக்கு," என்றார் மருத்துவர் அம்மாள். பிறகு தங்கையை ஏற இறங்கப் பார்த்தார். "உங்களுக்குச் சர்க்கரை உண்டா?"

"ரொம்ப வருஷமா இருக்கு. அதுக்கென்ன?"

"மூச்சு வாங்குதா?"

"மூட்டை தூக்குறவ யாரா இருந்தாலும் வாங்கும்."

"உங்களையும் ஒரு தடவ பாத்துடலாமே."

தங்கை உடனே சரி என்றாள். நல்ல உடம்புக்காரி எப்படி நடப்பாள் என்று அக்காவுக்குக் காட்டிவிட வேண்டும்.

முதலில் படுக்க வைத்து இதயத்தை ஸ்கேன் செய்தார்கள். பிறகு டிரெட்மில்லின் ஓடும் பட்டையில் ஏற்றினார்கள். மார்பில் ஒட்டிய கம்பிகள் ஆட, அவள் வீம்பாக நடந்தாள். பட்டை மேட்டில் ஏறுவதுபோல் சாய்ந்தது. வேகம் கூடியது.

"நெஞ்சு வலிக்குதா?"

"இல்ல."

"கை? தாடை?"

"ஒண்ணுமில்ல. இன்னும் கூட்டுங்க."

மருத்துவர் இயந்திரத்தை நிறுத்தினார். சண்டைபோட வாயெடுத்தவளை இடப்பக்கம் சாய்த்துப் படுக்க வைத்து, அவசரமாக மறுபடி ஸ்கேன் செய்தார். திரையை அவள் பக்கம் திருப்பினார்.

"நடக்கறதுக்கு முன்னால இதயத்தோட இந்தச் சுவர் நல்லாச் சுருங்குச்சு. இப்பப் பாருங்க, மத்த பக்கமெல்லாம் அடிச்சுக்குது. இது மட்டும் அசையவே இல்ல."

"எனக்குத்தான் வலிக்கவே இல்லையே?"

"ரத்தம் பத்தலேன்னா தசை முதல்ல சரியாத் தளராது. அப்புறம் சரியாச் சுருங்காது. அதுக்கப்புறம்தான் ஈ.சி.ஜி. கோடு மாறும். வலி கடைசியாத்தான் வரும். உங்கக்காவுக்கு அது வருது, உக்காந்துடறாங்க. உங்களுக்கு வரவே இல்ல. சர்க்கரை நரம்பக் கெடுத்திருக்கலாம்."

"அப்ப யாருக்கு மோசம்?"

"வலிய வச்சு அதச் சொல்ல முடியாதும்மா. எவ்வளவு தசைக்கு ரத்தம் போகலேன்னுதான் பாக்கணும். உங்களுக்குத்தான் அதிகம்."

அவள் சட்டென்று எழுந்து வெளியே வந்தாள். நடைக்கூடத்தில் அக்கா காத்திருந்தாள். செய்தியைச் சொல்லிவிட்டு, "இப்ப சந்தோஷமா?" என்று கேட்டாள்.

அக்கா விருட்டென்று எழுந்தாள். இத்தனை நாளில் அவள் கோபப்பட்டு யாரும் பார்த்ததில்லை.

"என்னையா கேக்குற? நடிக்கிறேன் நடிக்கிறேன்னு சொல்லிச் சொல்லி, எனக்கே சந்தேகம் வந்துடுச்சு. மாத்திரை போடறதுக்குக்கூட நீ அந்தப் பக்கம் திரும்பறவரைக்கும் காத்திருந்தேன். இப்ப பொறுமைசாலின்னு உனக்குப் பேர் வேற கிடைக்கும்."

"நான் எதையும் பொறுத்துக்கல. வலிச்சிருந்தா உன்னவிடப் பெருசாக் கத்தியிருப்பேன். வலிக்கல, அவ்வளவுதான்."

அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அந்த வாரமே தங்கைக்கு இதய ரத்தக்குழாயில் இருந்த அடைப்பை நீக்கி ஸ்டென்ட் வைத்தார்கள். அவள் மருத்துவமனையில் கிடந்தபோது, அக்கா அவளைக் கேட்காமலே பெரிய விடுதிகளுக்குத் தொலைபேசியில் பேசி, இனி விரிப்புகள் அனுப்ப வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். தங்கை திரும்பி வந்ததும் கடையே அதிரும்படி சண்டை நடந்தது.

"யாரக் கேட்டு வேண்டாம்னு சொன்ன?"

"கேட்டா விடமாட்ட. அதான் கேக்கல. இனிமே சட்டை, புடவை மட்டும்தான்."

தங்கை இரண்டு நாள் சாப்பிடும்போதுகூட அவளுடன் பேசவில்லை. ஆனால் விடுதிகளைத் திரும்ப அழைக்கவும் இல்லை.

சில மாதம் கழித்துத் தங்கையை மறுபடி பட்டையில் நடக்க வைத்து ஸ்கேன் செய்தார்கள். இந்த முறை அக்காவும் அறைக்குள் இருந்தாள். முன்பு அசையாமல் நின்ற சுவர் இப்போது மற்றவற்றோடு சேர்ந்து சுருங்கியது. இன்னொரு தடவை காட்டச் சொல்லித் தங்கை அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீ நடிக்கிறன்னு சொன்னது தப்புதான்," என்றாள், திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல். மன்னிப்புக் கேட்கும் குரலாக அது இல்லை. யாரையோ திட்டுவதுபோல் இருந்தது.

"அன்னைக்கு யார் யார்கிட்ட நடிப்புன்னு சொன்னியோ, அவங்ககிட்டயும் போய் இதச் சொல்லு."

"சொல்றேன். ஒரே நாள்ல எல்லாத்தையும் கேக்காத."

மருத்துவர் இருவரையும் வாயை மூடச் சொல்லிவிட்டு, மாத்திரைச் சீட்டு எழுத உட்கார்ந்தார்.