இரண்டு நாள் தாடி

பிறை நகரில், காவலாளிகளுக்குப் பயிற்சி தரும் கொட்டகையின் சுவரில் ஒரு படம் தொங்கியது. நெஞ்சு நிறையப் பதக்கங்களோடு ஓர் ஆஸ்திரிய ஜெனரல். ஓய்வுபெற்ற மேஜர் விநாசித்தம்பி புதிதாக வருகிறவர்களுக்கெல்லாம் அவர் கதையைச் சொல்வார். பிரபு வீட்டுப் பிள்ளை, பதினான்கு வயதில் படை, முழங்காலில் குண்டு, பிறகு இருபது வருடம் படைப்பள்ளித் தலைவர். "பிரம்பில்லாமல் ஒருத்தனையும் அவர் வீரனாக்கேல்லை" என்று முடிப்பார்.

அன்று வரிசையில் லோகேஸ்வரன் தாடியோடு நின்றான்.

"நாளைக்கு உடுப்புச் சோதனை. வழிச்சுக்கொண்டு வாரும்" என்றார் மேஜர்.

"ரெண்டு நாள்ல தைப்பூசம் சார். மகளுக்கு ஹார்ட் ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சிச்சு, பால்குடம் வேண்டியிருக்கேன். தண்ணீர்மலைக் கோயில்லதான் முடி எடுக்கணும்."

"அப்ப தாடியைக் காப்பாத்தும். அஞ்சு பேர் தடியோட, அஞ்சு நிமிஷம் நில்லும். எழும்பாமல் விழுந்து கிடந்தால் சவரக்கத்தி."

ஐந்து தடிகள் அவனைச் சூழ்ந்தன. முதலில் தயங்கித் தயங்கித்தான் அடித்தார்கள். "பலமாய்!" என்று மேஜர் கத்தினார். விலாவில் ஒன்று இறங்கியது. உதடு கிழிந்தது. புருவம் பிளந்து ரத்தம் தாடிக்குள் வழிந்தது. மண்டியிட்டான், எழுந்தான். முதுகில் விழுந்த அடியில் குப்புறச் சாய்ந்தான், மறுபடியும் எழுந்தான்.

ஐவரில் ஒருவனான இஸ்மாயில் தடியைக் கீழே போட்டான். "நோன்பு இருக்கிறவன அடிக்க எனக்குக் கை வரல சார்."

"கோழை!" மேஜர் அந்தத் தடியை எடுத்து இஸ்மாயிலின் தோளில் அடித்தார். அடுத்த அடியை அவன் தலைக்கு ஓங்கினார். லோகேஸ்வரன் இடது கையைக் குறுக்கே நீட்டினான். எலும்பு முறிந்த சத்தம் எல்லோருக்கும் கேட்டது.

இஸ்மாயில் தன் சட்டையைக் கழற்றி அந்தக் கையைக் கட்டினான். "நிக்க முடியுதா?"

"நிக்கிறேன் லா. டைம் முடிஞ்சிச்சா?"

மேஜர் கடிகாரத்தைப் பார்க்கவே இல்லை. "முடிஞ்சுது" என்றார். தடி அவர் கையிலிருந்து நழுவியது.

தைப்பூசத்தன்று இஸ்மாயில் மலையடி வரை குடை பிடித்து வந்தான். "இதுக்கு மேல நீ போ. நான் இங்கயே இருக்கேன்."

லோகேஸ்வரனின் மழித்த தலையில் பால்குடம். பிடிக்க ஒரே கை. நூறாவது படியில் குடம் சாய்ந்தது. பின்னாலிருந்து இன்னொரு கை வந்து தாங்கியது.

திரும்ப முடியாமல் கடைக்கண்ணால் பார்த்தான். வெறுங்கால். வெள்ளை வேட்டி. முகவாயில் இரண்டு நாள் நரைத்தாடி.

"கீழ பார்க்க வேண்டாம். நடவும்." மேஜரின் அதே அதட்டல்தான்.

மீதிப் படிகளை இருவரும் ஏறினார்கள். பால் சிந்தவில்லை.