தண்ணீர்த் துறை யாருக்கு

"தண்ணீர்த் துறை நமக்குத்தான் அண்ணி, அதை விட்டுட்டு வேற எதையாவது..."

"கொஞ்சம் மூச்சு விடுடி, நான் சொல்றதை..."

"என்னத்தைக் கேட்கிறது? ஓட்டு கேட்கப் போனப்போ வீடு வீடா என்ன சொன்னோம்? சாயப்பட்டறைக் கழிவுக் குழாயை அடைப்போம்னு சொன்னோமா இல்லையா?"

"சொன்னோம். அடைக்கணும்னா சபையில பதினோரு கை தூக்கணும். நமக்கு இருக்கிறது ரெண்டு கை."

"ஆளுக்கு ரெண்டு, மொத்தம் நாலு!"

"இந்த வாய்க்குத் தனியா ஒரு ஓட்டு கொடுத்திருக்கலாம்" என்றாள் தையல்காரி.

மருந்துக்கடை மாடியில், இருமல் மருந்துப் பெட்டிகளுக்கு நடுவே, ஒரே நாற்காலியில் ஆளுக்குப் பாதியாக அவளும் நாத்தனாரும் உட்கார்ந்திருந்தார்கள். நகரசபையில் இருபத்தொரு இடம். பழைய ஆட்சிக்காரர்களுக்கு ஒன்பது, மருந்துக்கடைக்காரர் அணிக்கு ஏழு, சாயப்பட்டறை முதலாளிக்கு மூன்று. மிச்சம் இவர்கள் இரண்டு பேர். முதலாளியையும் இவர்களையும் சேர்த்துக்கொண்டு ஆட்சி அமைக்க மருந்துக்கடைக்காரர் கூப்பிட்டிருந்தார். பழையவர்கள் பக்கம் போகவும் வழியில்லை. குழாயில் சிவப்பாகத் தண்ணீர் வருகிறது என்று ஐந்து வருஷமாகக் கொடுத்த மனுக்களையெல்லாம் கிடப்பில் போட்டவர்கள் அவர்கள்தான். நாத்தனார் வீட்டில் வெள்ளைத் துணி வாங்குவதையே நிறுத்தியாகிவிட்டது.

மருந்துக்கடைக்காரர் கதவைத் தட்டினார். "அம்மா, மணி மூணரை. நாலு மணிக்குள்ள ஆதரவுக் கடிதம் ஆணையர்கிட்ட போய்ச் சேரணும்."

அடுத்த அறையில் சாயப்பட்டறை முதலாளி சட்டைக்கையை மடித்துவிட்டுக்கொண்டு தயாராக இருந்தார். இவர்கள் உட்காரும் முன்பே ஆரம்பித்துவிட்டார். "நேராச் சொல்றேன். தண்ணீர்த் துறை எனக்கு வேணும். இல்லைன்னா இப்பவே எழுந்து போறேன்."

"எடுத்துக்குங்க" என்றாள் தையல்காரி.

நாத்தனார் மேசைக்கடியில் அவள் தொடையைக் கிள்ளினாள். முதலாளி எழுந்திருக்கப் பாதி தூக்கிய உடம்பை மறுபடி இறக்கினார்.

"சும்மாவா?"

"சும்மா யாராவது கொடுப்பாங்களா? கூட்டத்துக்கு எது வரணும், எது முதல்ல வரணும்னு முடிவு பண்றது எங்க பொறுப்பு. மாசாமாசம் முதல் விஷயம் தண்ணீர்ப் பரிசோதனை அறிக்கை. இவ தெருக் குழாய்லதான் தண்ணி பிடிக்கணும். அறிக்கையைத் துறைத் தலைவரே எழுந்து நின்னு வாசிக்கணும்."

"அது குமாஸ்தா வேலையாச்சே!"

"குமாஸ்தா வாசிச்சா எல்லாரும் தூங்கிடுவாங்க. உங்களுக்கு நல்ல கணீர்க் குரல்."

மருந்துக்கடைக்காரர் சிரிப்பை அடக்கக் கைக்குட்டையைத் தேடினார். முதலாளிக்குச் சிரிப்பு வரவில்லை. "வாசிக்கலைன்னா?"

"ரெண்டு மாசம் பார்ப்போம். வாசிக்கலைன்னாலும் சரி, வாசிச்சும் தண்ணி சிவப்பாவே வந்தாலும் சரி, மூணாவது மாசம் எங்க ஆதரவு வாபஸ்."

"அம்மா, இதையும் ஒப்பந்தத்துல எழுதணுமா?" என்றார் மருந்துக்கடைக்காரர்.

"அதை எழுதிட்டு மத்ததை எழுதுங்க."

துறையைத் தான் வாங்கிக்கொண்டால் என்ன நடக்கும் என்று தையல்காரிக்குத் தெரியும். குழாயை அடைக்கத் தீர்மானம் கொண்டுவருவாள், முதலாளியின் மூன்று கை தூக்காது, தீர்மானம் தோற்கும். சிவப்புத் தண்ணீர்ப் பாட்டிலோடு ஜனங்கள் அவள் தையல் கடை வாசலில்தான் வந்து நிற்பார்கள். அவர் பட்டறையில் காலாட்டிக்கொண்டு இருப்பார். இப்போது பத்திரிகைக்காரர்கள் உட்கார்ந்திருக்கும் கூட்டத்தில் தண்ணீர் சிவப்பு என்று தன் வாயாலேயே அவர் சொல்லியாக வேண்டும். அப்புறம் கழிவைச் சுத்தம் பண்ணும் இயந்திரத்தை வாங்குவாரா, இல்லை ஆட்சியே கவிழட்டும் என்று விட்டுவிடுவாரா? அது அவளுக்கும் தெரியாது.

முதலாளி காகிதத்தை இரண்டு தடவை படித்தார். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். எழுந்து போனால் பழைய ஒன்பது பேரும் அவரைச் சேர்க்கப் போவதில்லை. தேர்தலில் அவர்களை வண்டி வண்டியாகத் திட்டியிருந்தார். பேனாவைத் திறந்து கையெழுத்துப் போட்டார். அவருக்குக் கீழே தையல்காரி போட்டாள். நாத்தனார் தன் பெயரைக் காகிதம் கிழிகிற மாதிரி அழுத்தி எழுதினாள்.

நாலு மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது கடிதம் போனது. நாத்தனார் தடதடவென்று மாடிப்படி இறங்கினாள். கடை வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே கேட்டாள்.

"தண்ணியைச் சாயப்பட்டறைக்காரர் கையிலேயே கொடுத்துட்டோம்னு நம்ம தெருவுல நீங்க சொல்றீங்களா அண்ணி, நான் சொல்லணுமா?"