நாய்த்தலைக்குத் தொப்பி

கெலிஓயாச் சந்தியில் பஸ்ஸுக்கு நின்ற இன்ஷிராவின் கையில் தேர்தல் துண்டுப்பிரசுரம் ஒன்றைத் திணித்துவிட்டுப் போனான் ஒருவன். நாய்த்தலை மனிதன் ஒரு குழந்தையைக் கடித்துத் தின்கிறான். தலையில் முஸ்லிம்கள் போடும் வெள்ளைத் தொப்பி. கீழே சிங்களத்தில், ‘இவர்களுக்கா உங்கள் ஊர்?’

அந்தத் தலையை அவளுக்குத் தெரியும். பல்கலைக்கழகத்தில் வரலாறு படிப்பிப்பவள் அவள். தாங்கள் கண்ணாலும் காணாத தூரதேசத்து மனிதரை எழுநூறு வருஷங்களுக்கு முன் ஐரோப்பாவில் இப்படித்தான் வரைந்தார்கள் என்று போன மாதம் ஒரு சிறுநூல் எழுதியிருந்தாள். அதில் போட்ட படம் இது. அசலில் தொப்பி இல்லை.

நூலை அச்சடித்தவர் மஹய்யாவ என்ற இடத்தில் அச்சகம் வைத்திருந்த வில்பிரட். நேரே அங்கே போய் மேசைமேல் தாளை வைத்தாள்.

“இது நீங்க அடிச்சதா?”

வில்பிரட் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “தேர்தல் வேல மிஸ். பயங்கரமா ஒரு படம் வேணும்னாங்க. ஒங்க படம் கம்ப்யூட்டர்ல கெடந்துச்சு.”

“தொப்பி?”

“அவங்க போடச் சொன்னாங்க. றொசானாதான் போட்டா.” உள்ளே கணினிக்கு முன்னாலிருந்த மகள் தலையைத் தூக்கவில்லை. “ஒங்களச் சொல்லல மிஸ். நீங்க வேற.”

இன்ஷிரா தாளை அவர் முன்னால் தள்ளினாள். “நான் என்ன வேற? எங்கட வாப்பா நாப்பது வருஷமா இதே தொப்பியோட கட நடத்துறார். நீங்களும் அவருக்கிட்டதான் சாமான் வாங்குறீங்க. அவர் யாருட புள்ளயத் திண்டார்?”

“இந்தியாவுலேர்ந்து வந்தவங்கன்னு எங்களையுந்தான் ஒரு காலத்துல கள்ளத்தோணின்னு வெரட்டுனாங்க. எனக்குத் தெரியாதா மிஸ்?”

“தெரிஞ்சுக்கொண்டா அடிச்சீங்க?”

சுவரோரம் அதே பிரசுரம் இன்னும் கட்டுக்கட்டாக அடுக்கியிருந்தது.

“அடிக்கச் சொன்னது யாரெண்டு எழுதித் தாங்க. நான் பொலிஸுக்குப் போகப் போறேன்.”

“என் பேர இழுக்காதீங்க மிஸ். நாளைக்கு நான் இங்க தொழில் பாக்கணும்.”

றொசானா எழுந்து வந்தாள். அந்தக் கட்சிக்காரர் கொடுத்திருந்த ஓர்டர் கடிதத்தைக் கோப்பிலிருந்து உருவி, அதன் பின்பக்கத்தில் நடந்ததை எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

“இனி ஒரு வேலையும் வராதுடி,” என்றார் வில்பிரட்.

“வராட்டிப் போகட்டும் டெடி.”

“ஸொரி மிஸ்,” என்று தாளை நீட்டினாள். இன்ஷிரா வாங்கிக்கொண்டாள். நன்றி சொல்ல வாய் வரவில்லை. தொப்பியை வரைந்ததும் இந்தக் கைதான். படியிறங்கி, பொலிஸ் நிலையத்தை நோக்கி வேகமாக நடந்தாள்.