கரையாத கையெழுத்து

"ரீச்சர், கை வைக்காமல் எப்பிடிக் கையெழுத்து?"

மூன்றாம் வகுப்பு யேசுதாசன் ஒருமுறை கேட்ட கேள்வி அது. பாடசாலை அதிபரின் ஒப்பத்தைக் கணினிக்குள் ஏற்றித் தேர்ச்சி அறிக்கைகளில் அச்சடித்த முதல் நாளில் கேட்டான். உப அதிபர் பிரான்சிஸ்கா அந்தக் கேள்வியை நகை போலப் பொத்தி வைத்துக்கொண்டாள். ஆசிரியர் அறைக்குள் கணினி ரீச்சர் அன்ரோனெற் நுழையும்போதெல்லாம் வெளியே எடுப்பாள்.

"சின்னப் பிள்ளைக்கு விளங்கினது பெரியாக்களுக்கு விளங்கேல்லை."

அன்ரோனெற்றும் சேர்ந்து சிரித்துவிடுவாள். அந்தச் சிரிப்புத்தான் பிரான்சிஸ்காவுக்குப் பொறுக்காது.

மன்னார்ப் பக்கம், வங்காலைக் கரையோரத்தில் இருந்த அந்தச் சின்னப் பாடசாலைக்கு, சண்டை ஓய்ந்திருந்த காலத்தில் ஒரு கணினி வந்தது. அதைப் படிப்பிக்க அன்ரோனெற் வந்தாள். சண்டை திரும்பி வந்தபிறகும் அவள் ஊரைவிட்டுப் போகவில்லை. அதிபரின் அலுவலகமான, மழைக்கு ஒழுகும் கந்தோரில் கணினிக்கு மட்டும் பொலித்தீன் போர்த்தியிருந்தது.

அதற்கு முன், தவணை முடிவில் அதிபர் அமிர்தநாயகத்தின் பக்கத்துக் கதிரையில் பிரான்சிஸ்காதான் இருப்பாள். அவள் அறிக்கையை நீட்டிப் பிள்ளையின் பெயரைச் சொல்ல, அவர் "தகப்பன் கடலுக்குப் போறானோ?" என்று விசாரித்தபடி ஒப்பமிடுவார். பின்னேரம் முழுக்கப் பிளேன்ரீயும் அந்தக் கதையும்தான். இப்போது எல்லாம் ஒரு தட்டலில் முடிந்துவிடுகிறது.

"அருமையான பிள்ளை. என்ர கைவலி போச்சு" என்றார் அதிபர்.

கைவலி என்று அவர் ஒருநாளும் தன்னிடம் சொன்னதில்லையே என்று பிரான்சிஸ்கா அன்று முழுக்க நினைத்துக்கொண்டிருந்தாள்.

கோயிலில் சுவாமியாரிடம் செய்த பாவசங்கீர்த்தனத்தில் அவள் கோபத்தைச் சொன்னாள், பொய்யைச் சொன்னாள். பொறாமையை மட்டும் சொல்லவில்லை. உப்புப் பூத்த கருவாட்டுக்குள் இருக்கும் புழு அது, வெளியே தெரியாது.

கார்த்திகை மழையில் ஒருநாள் ஆமி பஸ்சை மறித்து எல்லாரையும் இறக்கி நடக்கவிட்டது. அன்ரோனெற் தன் குடையைப் பிரான்சிஸ்காவின் தலைக்கு மேல் பிடித்து, சென்றிச் சோதனைச் சாவடியைத் தாண்டும்வரை தான் நனைந்துகொண்டே வந்தாள். பிரான்சிஸ்கா நன்றி சொல்லவில்லை. 'நான் கேட்டனானோ?' என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டாள்.

மார்கழியில் பதினோராம் வகுப்புக்குச் சாதாரண தரப் பொதுப் பரீட்சை வந்தது. பிள்ளைகள் பாலம் கடந்து மன்னார்த் தீவுக்குப் போய் எழுதவேண்டும். சென்றியில் காட்ட அதிபரின் கடிதம் வேண்டும். அதிபர் கொழும்பில் மாட்டிக்கொண்டார். தொலைபேசியும் வேலை செய்யவில்லை. அன்ரோனெற் அவருடைய ஒப்பத்தோடு கடிதங்களை அச்சடித்து, விடியக் கொடுப்பதற்காகக் கந்தோர் மேசையில் அடுக்கி வைத்திருந்தாள்.

தன் மகளின் கடிதத்தை முன்னதாகவே வாங்கிக்கொண்டு, அவளை மன்னாரில் உறவுக்காரர் வீட்டில் விடப் போன சிங்கராசா, பரீட்சைக்கு முதல் நாள் பின்னேரம் நனைந்தபடி கந்தோருக்குள் வந்தார்.

"ஆமிக்காரன் விரலில எச்சில் தொட்டு ஒப்பத்தில தேய்ச்சான் ரீச்சர். மை கரையேல்லை. 'இது போட்டோ கொப்பி, திரும்பிப் போ' எண்டிட்டான். எங்கட அதிபரின்ர ஒப்பத்துக்கு எச்சிலும் ஏறேல்லை!"

அவர் சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. அன்ரோனெற்றின் முகம் வெளிறியது.

"எல்லாப் பிள்ளையளுக்கும் அதைத்தானே அடிச்சு வைச்சிருக்கிறன்."

சிங்கராசா பிரான்சிஸ்காவின் பக்கம் திரும்பினார். "ரீச்சர், 'அதிபருக்காக' எண்டு நீங்கள் பேனையால போடுங்கோவன். முந்தி உங்கட ஒப்பத்துக்கு விட்டவங்கள்தானே."

"அதிபர் தன்ர கையெழுத்தைக் கொம்பியூட்டருக்குக் குடுத்திட்டார். குறுக்கால போட நான் ஆர்?" என்றாள் பிரான்சிஸ்கா.

மகளின் கடிதத்தை மேசையில் மற்றவற்றின் மேல் வைத்துவிட்டு அவர் வெளியே போனார்.

அன்ரோனெற் கண்ணைத் துடைத்தாள். "விடிய நான் பிள்ளையளோட போய்ச் சென்றியில கெஞ்சிப் பாக்கிறன். வெள்ளனவே வரச்சொல்லி வீடுகளுக்கும் சொல்லவேணும்." வாசலில் நின்று திரும்பினாள். "குடையை வைச்சிட்டுப் போறன் ரீச்சர். உங்களுக்குத் தடிமனும் இருமலும் எல்லே. நான் ஓடிடுவன்."

மழைக்குள் இறங்கி ஓடினாள்.

கந்தோரைப் பூட்டுவது பிரான்சிஸ்காவின் வேலை. பூட்டிவிட்டுப் போனால் நாளைக்கு அதிபருக்குப் பேனையின் அருமை தெரியும். அந்த நினைப்பு ஒரு கணம் கற்கண்டாக இனித்தது. பிறகு, பாலத்தடியில் மழைக்குள் திரும்பி நடக்கும் பிள்ளைகளின் முகங்கள் வந்தன. மூலையில் குடை தொங்கிக்கொண்டிருந்தது. அன்றைய அதே குடை. இந்த முறையும் அவள் கேட்கவில்லை, கேட்காமலே வந்திருந்தது.

கதிரையை இழுத்துப் போட்டு இருந்தாள். பேனையைத் திறந்தாள். ஒவ்வொரு பிள்ளையின் பெயரையும் வாய்விட்டு வாசித்தாள். "தகப்பன் கடலுக்குப் போறானோ?" என்று தானே கேட்டு, "ஓம்" என்று தானே சொல்லி, அச்சடித்த ஒப்பத்தின் கீழே 'அதிபருக்காக' என்று எழுதித் தன் பெயரை வைத்தாள். கடைசி எழுத்தின் வாலில் மட்டும் எச்சில் விரலால் மெல்லத் தேய்த்துப் பார்த்தாள். மை கரைந்தது.

ஈரம் காயட்டும் என்று கடிதங்களை மேசையில் பரப்பினாள். கூரையிலிருந்து ஒரு சொட்டு மேசை ஓரத்தில் விழுந்தது. இன்னொன்று அதற்குக் கிட்ட விழுந்தது.

பிரான்சிஸ்கா குடையை எடுத்து விரித்து, கடிதங்களுக்கு மேல் கவிழ்த்து வைத்தாள். கதவைப் பூட்டிக்கொண்டு, வெறுந்தலையோடு மழைக்குள் வீட்டை நோக்கி நடந்தாள்.