சுவர்ப் பொந்தில் போட்ட தாள்

புகாராவின் பழைய யூத ஜெபக்கூடத்தைப் புதுப்பித்துத் திறந்து ஒரு வாரம் ஆகியும் புலோர் அந்தப் பக்கம் போகவில்லை. "வெள்ளையடிச்ச சுவரைப் பாக்க எனக்கென்ன வேண்டுதலா?" என்று மகன்மீது எரிந்து விழுந்தாள். எட்டாம் நாள் தானே கிளம்பினாள். எழுபத்தெட்டு வயது முழங்கால் வழியெல்லாம் முனகியது. அவளும் சேர்ந்து முனகினாள்.

உள்ளே நுழைந்ததும் கண் அப்பாவின் இடத்தைத் தேடியது. அப்பா உட்காரும் மூலை அப்படியே இருந்தது. கூடத்தைப் பார்த்துக்கொள்ளும் பின்காஸ் வேகமாக வந்தான்.

"வாங்கக்கா! கல்யாணப் பொண்ணு மாதிரி இல்ல நம்ம கூடம்?"

"பவுடர்தான் கொஞ்சம் தூக்கல்," என்றாள்.

சுவரைப் பிரித்தபோது கிடைத்த காகிதங்களைக் கண்ணாடிப் பெட்டியில் அடுக்கியிருந்தார்கள். வேத எழுத்தான எபிரேயம் உள்ள காகிதத்தை யாரும் குப்பையில் போடமாட்டார்கள். கிழிந்தாலும் முத்தமிட்டு, அதற்கென்று சுவரில் விட்ட பொந்தில் போடுவதுதான் வழக்கம். புலோரும் போட்டிருக்கிறாள்.

"இதுல ஒரு கூத்துக்கா," பின்காஸ் ஒரு தாளை வெளியே எடுத்தான். "எழுத்து வேத எழுத்து. ஆனா ஜெபமில்ல. யாரோ நம்ம பாஷையில எழுதின கடுதாசி. கேளுங்க: 'அப்பா, இதைப் புலோருக்குப் படிச்சுக் காட்டுங்க...'"

அவன் குரல் நின்றது. அவளை நிமிர்ந்து பார்த்தான்.

"ஏன் நிறுத்திட்ட? படி."

"'புலோர், உங்களை விட்டுட்டு ஜெருசலேம் வந்தேன்னு கோவமா? திட்டியாவது ஒரு வரி எழுது. நீ எழுதற வரைக்கும் நானும் எழுதி உன்னைத் தொந்தரவு பண்ண மாட்டேன். உன் தங்கச்சி, ஃப்ரேகோ.'"

புலோர் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். ஃப்ரேகோ போன அதே வருடம், அப்பாவுக்கென்று அவள் கொடுத்தனுப்பிய ஜெபப் புத்தகத்தை ஒரு பயணி கொண்டுவந்தார். அப்பா இறந்து பத்து நாள் ஆகியிருந்தது. அவர் சொல்லிக்கொடுத்து ஃப்ரேகோ கற்ற அந்த எழுத்து வீட்டில் வேறு யாருக்கும் தெரியாது. புத்தகத்திலிருந்து ஒரு தாள் நழுவி விழுந்தது. கழன்ற ஜெபத் தாள் என்று நினைத்து, முத்தமிட்டு, இங்கே நடந்து வந்து பொந்தில் போட்டது புலோர்தான். "புத்தகம் அனுப்பத் தெரியுது, கூடப்பிறந்தவளுக்கு ஒரு வரி எழுதத் தெரியலையா?" என்று அன்று ராத்திரி பொருமியதும் அவள்தான்.

ஐயோ, அந்தப் பொருமலை ஐம்பது வருடம் சோறு போட்டு வளர்த்தாளே! சித்தி ஃப்ரேகோவின் எண்ணைப் போனில் பதிந்து கொடுத்ததற்காக மகனோடு இரண்டு நாள் பேசாமல் இருந்தாளே!

"தண்ணி கொண்டு வரட்டுமாக்கா?"

"ஒண்ணும் வேணாம்." போனை அவனிடம் நீட்டினாள். "இதுல ஃப்ரேகோ பேரு எங்க இருக்குன்னு பாரு. போட்டுக் குடு."

மணி வெகுநேரம் அடித்தது. எடுக்கமாட்டாளோ என்று பயந்தாள்.

"யாரு?" மூச்சு வாங்கும் கிழக்குரல்.

புலோருக்கு அழுகையும் வெட்கமும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தன.

"நான் புலோர்," என்றாள். "உன் கடுதாசி இப்பத்தான்டி வந்துச்சு."