மாஸ்க்குக்கு அளவெடுத்த நாள்

என் வீட்டுக்காரருக்குத் தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருகிறது என்று டாக்டர் சொன்னபோது, எனக்குப் பயத்துக்கு முன்னால் வந்தது ரோஷம். இருபத்திரண்டு வருஷமாக அந்தக் குறட்டைக்குப் பக்கத்தில் படுத்திருப்பவள் நான். ஒரே ஒரு ராத்திரி நாலு வயரை ஒட்டிப் பார்த்துவிட்டு, மணிக்கு முப்பத்தெட்டு தடவை நிற்கிறது என்று எனக்கே கணக்குச் சொல்கிறார்கள். நடுநடுவே சத்தம் அடங்கும்தான். அப்பாடா என்று திரும்பிப் படுத்துக்கொள்வேன். அந்த அப்பாடாதான் வியாதி என்று யார் கண்டது?

அவர் பஸ் டிரைவர். ஒரு நாள் காலை சிவப்பு விளக்கில் நின்றபோது ஸ்டீயரிங்கைப் பிடித்தபடியே தூங்கிப்போனார். பச்சை விழுந்து, பின்னால் இருந்தவர்கள் ஹாரன் அடித்துத்தான் எழுப்பியிருக்கிறார்கள். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனாலும் டிப்போவில் அவரைப் பஸ்ஸிலிருந்து இறக்கி, பாஸ் கொடுக்கும் கவுண்டரில் உட்கார வைத்துவிட்டார்கள். திரும்ப பஸ் வேண்டுமென்றால் மூச்சு மெஷினை மாட்டிக்கொண்டு தூங்க வேண்டும். முப்பது ராத்திரியில் இருபத்தொரு ராத்திரியாவது நாலு மணி நேரத்துக்குக் குறையாமல் ஓடியிருக்க வேண்டும். எல்லாவற்றையும் மெஷினே குறித்துக்கொள்ளும். குறைந்தால் பஸ்ஸை மறந்துவிட வேண்டியதுதான். கவுண்டரிலிருந்து திரும்பி வரும் மனுஷர் முகத்தைப் பார்க்க எனக்குச் சகிக்கவில்லை.

பன்னிரண்டு ராத்திரி போனதில் மூன்றுதான் தேறியது. மிச்சம் பதினெட்டு. இனி ஒன்றுகூடத் தவறக் கூடாது. பழி முழுவதும் மாஸ்க்கின் மேல் விழுந்தது. முதல் மாதத்துக்குள் ஒரு தடவை மாற்றித் தருவார்கள் என்பதால், ஒரு மத்தியானம் மெஷின் பையைத் தூக்கிக்கொண்டு அந்தக் கடைக்குப் போனோம்.

சுவர் முழுக்க பிளாஸ்டிக் தலைகள், ஒவ்வொன்றிலும் ஒரு மாஸ்க். நான் பேண்ட்டும் யூனிஃபார்மும் தைப்பவள். சும்மா இருக்க முடியுமா? ஒவ்வொரு பட்டையையும் புரட்டித் தையலைப் பார்த்தேன். ஒன்றில் நூல் பிரிந்திருந்தது.

"கையை வச்சுகிட்டு சும்மா இரு," என்றார் அவர்.

மாஸ்க் மாட்டிவிடும் பொண்ணு காதில் பேனாவைச் செருகியபடி வந்தாள். எங்கள் பழைய மாஸ்க்கைப் பையிலிருந்து எடுத்ததுமே அவள் கண் பட்டையில் நின்றது.

"இதை யாரு தைச்சது?"

"நான்தான். ஓரத்துல காத்து போகுதுன்னு மெஷின்ல காட்டிச்சு. ரெண்டு பக்கமும் அரை இன்ச் பிடிச்சேன்." பெருமையாகத்தான் சொன்னேன்.

"தையல் நல்லாருக்கு அக்கா. ஆனா இது இறுக்கிப் பிடிக்கிற சாமான் இல்ல. உள்ள காத்து நிறைஞ்சு, இந்த ஓரம் உப்பி, முகத்துல லேசா உக்காரணும். இறுக்கினா மடிஞ்சுடும். மடிப்பு வழியா இன்னும் காத்து போகும்."

உட்கார்ந்தால் பிரிகிற பேண்ட்டைத் தைத்துக் கொடுத்துவிட்டு, போட்டவரின் இடுப்பைக் குறை சொன்னவள் மாதிரி நின்றேன். அவர் கன்னத்துச் சிவப்புக் கோடுகளுக்காக அன்று காலைகூட மாஸ்க் கம்பெனிக்காரனைத் திட்டியிருந்தேன்.

அடுத்து அவள் அவரிடம் கேள்வி கேட்க ஆரம்பித்தாள்.

"எந்தப் பக்கமா படுப்பீங்க?"

"நேராத்தான்," என்றார் அவர்.

"இடது பக்கம்," என்றேன் நான்.

"தூங்கும்போது வாய் திறந்திருக்குமா?"

"சேச்சே."

"ஈ குடும்பத்தோட போய்ட்டு வரலாம்," என்றேன். அவள் என் பதில்களை மட்டும் எழுதிக்கொண்டாள்.

திரைக்குப் பின்னால் ஒரு கட்டில் இருந்தது. நின்றபடி கண்ணாடியில் பார்த்து மாஸ்க் வாங்கக் கூடாதாம். படுத்தால் கன்னம் சரியும், அளவே வேறாகிவிடும் என்றாள். இருபது வருஷமாக மனிதர்களை நிற்க வைத்தே அளவெடுக்கும் எனக்கு இது புதுப் பாடம். ஆவலாகக் கட்டிலை ஒட்டி நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டேன்.

முதலில் மூக்குத் துவாரத்தில் உட்காரும் இரண்டு சின்னக் குமிழ்கள். "மாஸ்க் போட்ட மாதிரியே இல்ல," என்று அவருக்கு ஏகப்பட்ட சந்தோஷம். படுத்த அஞ்சாவது நிமிஷம் தூங்கிவிட்டார். வாய் திறந்தது. மூக்கில் போன காற்றெல்லாம் வாய் வழியாகப் புஸ்ஸென்று வெளியே வர, திடுக்கிட்டு எழுந்து, கதவை யார் திறந்தது என்று கேட்டார். மூக்கை மட்டும் மூடுகிற இரண்டாவதிலும் அதே கதைதான். ஆக, மூக்கையும் வாயையும் சேர்த்து மூடுகிறதுதான் சரி.

அதை எடுப்பதற்கு முன்னால் அவள் மெஷினைக் கம்ப்யூட்டரில் இணைத்துப் பார்த்தாள். பார்த்தவள் நெற்றியைச் சுருக்கினாள்.

"ஒம்பது நாள் ஒரு மணி, ஒன்றரை மணி நேரத்துல கழட்டியிருக்கீங்க. இந்த மூணு நாள் மட்டும் ஏழு ஏழு மணி நேரம். அதே மாஸ்க்தான். அன்னிக்கெல்லாம் என்ன வித்தியாசமா பண்ணீங்க?"

அவர் கூரையைப் பார்த்தார். "ஞாபகம் இல்ல. அசதியா இருந்திருப்பேன்."

ஒரு விஷயம் புரியாவிட்டால் எனக்கு மண்டை வெடித்துவிடும். நானும் கம்ப்யூட்டரை எட்டிப் பார்த்தேன். வெள்ளி, சனி, ஞாயிறு. எந்தத் தலையணை, எந்த விரிப்பு, ராத்திரி என்ன சாப்பிட்டார் என்று ஒவ்வொன்றாக யோசித்தேன். சாப்பாட்டுக்கு வந்ததும் நின்றுவிட்டேன். அந்த மூன்று நாளும் நான் சமைக்கவே இல்லை. தங்கைக்குக் குழந்தை பிறந்திருந்தது; நான் அவள் வீட்டில் இருந்தேன்.



மெஷின் வந்த முதல் ராத்திரியே குறட்டை நின்றுவிட்டது. துளி சத்தம் இல்லை. எனக்கு அப்பாடா வரவில்லை, முப்பத்தெட்டுதான் ஞாபகம் வந்தது. பிடித்து உலுக்கினேன். அதற்குப் பிறகு தினமும் உலுக்கினேன். அவர் மாஸ்க்கைக் கழற்றிவிட்டு, "இருக்கேன், படு," என்பார். கொஞ்ச நேரத்தில் குறட்டை கிளம்பும். அந்தச் சத்தத்தில் நான் நிம்மதியாகத் தூங்கிப்போவேன். காலையில் எழுந்து மாஸ்க்கைத் திட்டுவேன். உலுக்கியது ஞாபகத்தில் இருந்தது. அதுதான் காரணம் என்று மட்டும் ஒரு நாளும் உறைக்கவில்லை.

"நான் எழுப்பறதாலதான்னு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"ஏன் சொல்லல?"

"சொன்னா எழுப்ப மாட்ட. விடிய விடிய உக்காந்து என்னையே பாத்துகிட்டிருப்ப. கழட்டிட்டுக் குறட்ட விட்டா நீ அஞ்சு நிமிஷத்துல தூங்கிடற."

"பஸ் போயிருந்தா?"

ஓங்கி ஒன்று வைக்கலாம் போல இருந்தது. கட்டிப் பிடித்து அழலாம் போலவும் இருந்தது. ஒரு பொண்ணு முன்னால் இரண்டையும் செய்ய முடியாமல், பழைய பட்டையில் நான் போட்ட தையலைப் பிரித்துக்கொண்டிருந்தேன்.

அந்தப் பொண்ணு ஒன்றும் கேட்காத மாதிரி புது டப்பாவைத் திறந்தாள். "இது புது மாடல் அக்கா. மூச்சு வெளிய போற ஓட்டையெல்லாம் பொடிப்பொடியா இருக்கும். பக்கத்துல படுக்கிறவங்க மேல காத்தே படாது. எல்லாரும் இதைத்தான் கேக்கறாங்க."

"காத்து படற மாதிரி எது இருக்கு?"

அவள் என்னை ஒரு நிமிஷம் பார்த்தாள். "பழைய மாடல் ஒண்ணு இருக்கு. முன்னாடியே ஓட்டை. மூஞ்சில அடிக்குதுன்னு வீட்ல திட்டறாங்கன்னு திருப்பிக் கொண்டுவந்துடுவாங்க."

"அதை எடும்மா."

அவரை இடது பக்கமாகப் படுக்க வைத்து, மாஸ்க்கை ஒரு தடவை இழுத்து உப்ப விட்டு, பட்டையைத் தளர்வாகவே மாட்டினாள். என் பக்கம் குனிந்து சொன்னாள்: "மெஷின் காத்து எப்பவும் கொஞ்சம் வந்துகிட்டே இருக்கும். அவர் மூச்சு விடறப்ப மட்டும் பலமா, வெதுவெதுப்பா வரும். அதைப் பாருங்க." திரையை இழுத்துவிட்டுப் போனாள்.

அவர் தூங்கினார். அறையில் சத்தம் அடங்கியது. பழக்க தோஷத்தில் என் கை அவர் தோளுக்குப் போனது. பாதியில் நிறுத்தி, அந்த ஓட்டைகளுக்கு முன்னால் பிடித்தேன். முதலில் சில்லென்று மெல்லிய காற்றுதான் வந்தது. பிறகு வெதுவெதுப்பாக ஒன்று வந்து உள்ளங்கையில் பட்டது. தணிந்தது. மறுபடியும் பட்டது. எண்ண ஆரம்பித்தேன். பதினொன்று வரை எண்ணியது ஞாபகம் இருக்கிறது.

எங்கள் இரண்டு பேரையும் அந்தப் பொண்ணுதான் எழுப்பினாள். நான் பக்கத்தில் இருந்தும், மெஷினில் இரண்டு மணி நேரம் ஓடியிருந்தது.