நாகமணிக்கு ஒரு துவாதசி

காலையில் எனக்கு ஓர் ஒழுங்கு உண்டு. முதலில் கடிதம். கொழும்பிலோ பாரிஸிலோ இருக்கும் யாருக்காவது பதில் போட வேண்டியிருக்கும். அதை எழுதி, உறையில் முகவரி போட்டு, முத்திரை ஒட்டிய பிறகுதான் தேநீர். தேநீருக்குப் பிறகு நடை. நடையில்தான் பாட்டு.

நடக்கும்போது கடதாசியோ பேனையோ கொண்டுபோவதில்லை. மைனஸ் பதினைந்தில் பேனை எழுதாது என்பது ஒரு காரணம். மற்றது, வீட்டுக்கு வந்து சப்பாத்தைக் கழற்றும்வரை தலையில் நிற்காத அடி எழுதி வைத்தாலும் நிற்காது. ரொறன்ரோவுக்கு வந்து மல்வேர்னில் குடியேறிய நாளிலிருந்து இப்படித்தான் செய்துவருகிறேன். குறை ஒன்றும் காணவில்லை.

எங்கள் வீட்டு வரிசையோடு நகரம் முடிந்துவிடும். அதற்கப்பால் பழைய ஃபின்ச் வீதி ரூஜ் ஆற்றுப் பள்ளத்துக்குள் இறங்கி, ஓர் இரும்புப் பாலத்தைக் கடந்து, மறுபடி வயல்களுக்குள் ஏறும். கோடையில் கார்க்காரர் வருவார்கள். பனிக்காலத்தில் அந்த வீதி எனக்கும் யோசப்புக்கும் எழுதிக் கொடுத்தது போலக் கிடக்கும். யோசப் பள்ளிக்கூட பஸ் ஓட்டுபவர். காலையில் பிள்ளைகளை இறக்கிவிட்டு, பஸ்ஸை நிறுத்திவிட்டு, என்னோடு நடக்க வருவார். சாவகச்சேரியில் ஒரே வகுப்பில் இருந்தவர்கள் நாங்கள். எனக்கு யாப்பு ஏறியது, அவருக்கு ஏறவில்லை. அந்தக் கோபம் அவருக்கு இன்னும் உண்டு.

தொண்ணூற்றைந்தாம் ஆண்டு பெப்ரவரி தொடக்கத்தில், கடிதத்துக்கும் தேநீருக்கும் இடையில் ரெலிபோன் அடித்தது. மோர்னிங்சைட்டிலிருந்து சுலக்சனா. அவளுடைய தகப்பன் நாகமணி ஜனவரியில் மாரடைப்பில் போனவர்.

"அங்கிள், அப்பான்ரை கல்வெட்டுக்கு வெண்பா நீங்கள்தான் எழுத வேணுமாம். அம்மா சொல்லுறா. பிரின்ரருக்கு வியாழக்கிழமைக்குள்ளை குடுக்க வேணும்."

முப்பத்தோராம் நாளுக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்கும் நினைவுப் புத்தகத்தைத்தான் கல்வெட்டு என்போம். அதன் முதற்பக்கத்தில், படத்துக்குக் கீழே, திதி வெண்பா வரும். ஆண்டு, மாதம், பிறை, திதி எல்லாம் நாலு வரிக்குள் அடங்கவேண்டும். வருடா வருடம் வீட்டார் திவசம் செய்வது அந்த நாலு வரியைப் பார்த்துத்தான். மற்றப் பாட்டுகளில் கொஞ்சம் கூட்டிக் குறைத்துச் சொல்லலாம். இதில் முடியாது.

"என்ன திதி பிள்ளை?"

"வைகுண்ட ஏகாதசி, அங்கிள். எல்லாருக்கும் தெரியுமே. சொர்க்கவாசல் திறந்த நாள் எண்டு வந்த ஆக்கள் எல்லாரும் சொன்னவை. அம்மா அந்த ஆறுதலிலைதான் இருக்கிறா."

"எத்தினை மணிக்கு?"

"வியாழன் ஈவினிங் எய்ட். ஹொஸ்பிற்றல் பேப்பரிலை இருக்கு."

எழுதித் தருவதாகச் சொல்லிவிட்டு, பஞ்சாங்கத்தை எடுத்தேன். கண்ணாடியைத் துடைத்துவிட்டு இரண்டாம் தரமும் பார்த்தேன். அந்த வியாழக்கிழமை இரவு பத்தரைக்கு ஏகாதசி முடிகிறது. ஆனால் அது ஊர் மணி. ரொறன்ரோவில் வியாழன் இரவு எட்டு மணியென்றால் ஊரில் வெள்ளிக்கிழமை விடிந்துவிட்டது. நாகமணி போனது அடுத்த திதியான துவாதசியில். பலசரக்குக் கடை தந்த கலண்டரில் வியாழக்கிழமைத் தாளைப் பார்த்து, 'எட்டு மணிதானே, ஏகாதசி' என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். இங்கே எல்லா வீட்டுச் சுவரிலும் அந்தக் கலண்டர்தான் தொங்குகிறது. அதில் அச்சடித்திருக்கும் மணி எந்த ஊர் மணி என்று எவரும் கேட்பதில்லை.

அன்றைக்குப் பாலத்தடியில் யோசப்பிடம் சொன்னேன். ஆறு கரையோரம் உறைந்து, நடுவில் மட்டும் கறுப்பாக ஓடிக்கொண்டிருந்தது.

"நீர் என்னத்துக்கு ஐசே தேவையில்லாத வேலை பாக்கிறீர்? அந்த மனுசிக்கு ஒரு வாசல் திறந்து கிடக்கு. நீர் போய்ச் சாத்தப்போறீர்."

"நான் சாத்தேல்லை. அது பத்தரைக்கே சாத்தியாச்சு."

"ஆரின்ரை மணிக்கு?"

"பஞ்சாங்கத்தின்ரை மணிக்கு."

"பஞ்சாங்கம் மோர்னிங்சைட்டுக்கு வந்து பாத்ததோ?"

"வரேல்லை. பிழையே அதுதான். சந்திரன் ஒண்டு. மணிக்கூடுதான் இரண்டு."

யோசப் கையுறையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். "எங்கடை சேர்ச்சிலை உந்தத் தொல்லை இல்லை. திகதியைப் பாத்துப் பூசை. நீர் ஏகாதசி எண்டு போட்டால் ஆர் வந்து கேக்கப்போகினம்?"

"ஒருத்தரும் கேக்கமாட்டினம். அதாலைதான் போடேலாது."

"பெரிய அரிச்சந்திரன்," என்றார். பிறகு ஏற்றத்தில் விறுவிறென்று முன்னால் நடந்தார். மேலே வயலில் அறுத்த சோளத் தட்டைகள் வரிசை வரிசையாகப் பனிக்கு மேலே தலைநீட்டி நின்றன. வழக்கமாக அந்த இடத்தில் எனக்கு முதலடி வந்துவிடும். அன்றைக்கு 'துவாதசி' என்ற சொல்லைத் தவிர வேறொன்றும் வரவில்லை. பொய்த் திதியை வைத்து நான் ஓரடியும் கட்டப்போவதில்லை என்பது எனக்கு அங்கேயே தெரிந்துவிட்டது. இனி அதை அந்த மனுசியின் முகத்துக்கு நேரே சொல்லவேண்டும். ரெலிபோனில் சொல்லும் விஷயம் அல்ல அது.

பிற்பகல் பஸ் எடுத்து மோர்னிங்சைட்டுக்குப் போனேன். நாகமணியின் மனைவி மங்கையற்கரசி, படத்துக்கு முன்னால் விளக்குக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும், "வாங்கோ அண்ணை. பாட்டுக் கொண்டந்தனீங்களோ?" என்றார்.

"இன்னும் இல்லை. ஒரு கதை கதைக்க வேணும்."

சுற்றி வளைக்காமல் சொன்னேன். கலண்டர் தாளில் எந்த மணி இருக்கிறது, ஊரில் அப்போது என்ன நேரம், ஏன் துவாதசி என்று. சுலக்சனா சோபாவின் விளிம்புக்கு வந்துவிட்டாள்.

"பட் அங்கிள், ரேடியோவிலை ஏகாதசி எண்டு சொல்லியாச்சு. எல்லாருக்கும் சொல்லியாச்சு. இப்ப மாத்தினால் சில்லியா இருக்கும். அம்மாவைப் பாருங்கோ. பிளீஸ்."

தாயார் எண்ணெய்ப் போத்தலை மூடிக்கொண்டிருந்தார். மூடி சரியாகப் பொருந்தவில்லை. திரும்பத் திரும்பத் திருகினார்.

"அப்ப அந்த வாசல் பொய்யோ அண்ணை?"

"வாசலைப் பற்றி நான் ஒண்டும் சொல்லேல்லை, தங்கச்சி. எனக்குத் தெரிஞ்சது நாள் மட்டும்தான். நாள் துவாதசி. ஏகாதசி எண்டு எழுத என்னாலை ஏலாது. வேறை ஆரையும் கொண்டு எழுதுவிச்சால் நான் கோவிக்கமாட்டன்."

தாயார் போத்தலை விளக்கடியில் வைத்தார். கீழே பஸ் ஒன்று நின்று போகும் சத்தம் கேட்டது.

"அவர் போகேக்கை ஊரிலை என்ன நேரம் எண்டனீங்கள்?"

"வெள்ளி விடியக் காலமை ஆறரை."

"பாறணை நேரம்," என்றார்.

ஏகாதசி முழுநாளும் பட்டினி கிடந்தவர்கள் துவாதசி விடியலில் முதற்சோறு உண்பதைத்தான் பாறணை என்பது. சுலக்சனா என்னைப் பார்த்தாள். எனக்கும் விளங்கவில்லை. தாயார் வந்து கதிரையில் உட்கார்ந்தார்.

"ஏகாதசி பிடிக்கிறது நான். அவர் ஒரு நாளும் பிடிச்சதில்லை. பசி தாங்கமாட்டார். ஆனால் விடியப் பாறணைக்கு எழும்பிச் சமைக்கிறது அவர்தான். அவை மட்டக்களப்பார் எல்லே, தேங்காய்ப்பால் இல்லாமல் ஒண்டும் வைக்கமாட்டார். சமைச்சுப் போட்டுட்டு முன்னாலை கதிரையை இழுத்துப்போட்டு இருப்பார். நான் சாப்பிட்டு முடிக்குமட்டும் என்ரை வாயைப் பாத்தபடி. உப்புக் காணுமோ, உப்புக் காணுமோ எண்டு."

"சாப்பிட விடமாட்டார்," என்றாள் சுலக்சனா. "எனக்கும் அப்பிடித்தான். நூடில்ஸுக்கும் கேப்பார்."

"அண்டைக்கும் நான் விரதம். பின்னேரம் பாறணைக்கு அகத்திக்கீரை தேடி மூண்டு கடை ஏறி இறங்கினவர். கிடைக்கேல்லை எண்டு பசளிக்கீரை வாங்கிக்கொண்டு வந்தவர். வந்து சப்பாத்துக் கழட்டேக்கைதான்." அவர் படத்தைப் பார்த்தார். "அடுத்த நாள் நான் பாறணை செய்யேல்லை அண்ணை. ஆரின்ரையோ வீட்டுத் தேத்தண்ணிதான் குடிச்சனான்."

சுலக்சனா எழுந்து தாயின் கதிரைக் கைப்பிடியில் உட்கார்ந்தாள்.

"ஏகாதசி எண்டு வைச்சால் வருசா வருசம் அவரின்ரை திவசத்திலை நான் பட்டினி," என்றார் மங்கையற்கரசி. "சோறு படைக்கேலாது. ஒருத்தருக்கும் இலை போடேலாது. அந்த மனுசனுக்கு அது சரிவராது. துவாதசி எண்டே போடுங்கோ."

"ஆக்கள் கேட்டால், அம்மா?"

"வந்து சாப்பிட்டுட்டுக் கேக்கட்டும்."

அடுத்த நாள் குளிர் இன்னும் கூடியிருந்தது. ஒவ்வொரு அடிக்கும் சப்பாத்தின் கீழ் பனி கிறீச்சிட்டது. இந்தச் சத்தம் வந்தால் வெண்பாவுக்கு நல்லது. அடி தவறினால் காலே காட்டிக்கொடுத்துவிடும். யோசப் முன்னால் போனார். அந்த நேரத்தில் பேசக்கூடாது என்பது அவருக்குத் தெரியும்.

முதலிரண்டு அடிகளும் பாலத்துக்கு முன்னரே அமைந்துவிட்டன. ஆண்டும் மாதமும் திதியும் கேட்ட இடத்தில் வந்து உட்கார்ந்தன. மூன்றாமடிதான் ஏற்றம் முழுவதையும் எடுத்தது. 'வாரி வழங்கிய வள்ளல்' என்று ஒன்று வந்தது. அது எல்லார் கல்வெட்டிலும் இருப்பது. பனிக்குள் விட்டுவிட்டு நடந்தேன். 'விருந்தோம்பி' என்று வந்தது. நாகமணி விருந்தோம்பியவர் அல்ல. கதிரையை இழுத்துப்போட்டு ஒரு முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவர். சோள வயல் வேலியருகே அது சரியாக வந்து விழுந்தது. நாலாமடி தானாக ஓடிவந்து அதோடு சேர்ந்துகொண்டது.

"சொல்லும்," என்றார் யோசப், திரும்பிப் பார்க்காமலே. சொன்னேன்.

*பவவருடம் மார்கழியில் பால்வளரும் திங்கள்*
*துவாதசியாம் தூய திதியில் – அவனியில்*
*உண்டார் முகம்பார்த் துளம்நிறைந்த நாகமணி*
*கண்டார் சிவன்பொற் கழல்.*

"வாசல் இல்லை," என்றார்.

"இல்லை."

"சாப்பாடு இருக்கு. எனக்குக் காணும். கெதியா நடவும், மறந்துபோவீர்."

மறக்கவில்லை. வீட்டுக்கு வந்து, சப்பாத்தைக் கழற்றி, எழுதி, ஒருமுறை சீர் பிரித்துப் பார்த்துவிட்டு சுலக்சனாவுக்கு ரெலிபோன் எடுத்தேன். ஒவ்வொரு எழுத்தாகச் சொல்ல அவள் எழுதினாள். பிறகு தாய்க்கு வாசித்தாள். தமிழில் அவளுக்குக் கொஞ்சம் தடங்கும். மூன்றாவது வரியில் தடங்கியது.

"அங்கிள், அந்த வரியை நீங்களே சொல்ல வேணுமாம்."

ரிசீவர் கை மாறியது. சொன்னேன். பிறகு மங்கையற்கரசி, "இன்னொருக்கா," என்றார். இன்னொருக்காவும் சொன்னேன்.

"சரி," என்று அவர் மகளிடம் சொல்வது கேட்டது. "அச்சுக்குக் குடு."